‘ஒரு பெட் காலி’ என்று நினைத்துவிட்ட டாக்டருக்கு

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 38 வயது. டர்பனில் ஓர் அரசு மருத்துவமனையில், மெடிக்கல் வார்டில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகள். மாதத்தில் ஐந்தாறு ‘கால்’, அதாவது விடிய விடிய ஆன்-கால் டியூட்டி, வரும். போன மாதம் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு, வயதான ஒருவர் இறந்துவிட்டார் என்று எழுப்பினார்கள். எனக்கு முதலில் தோன்றியது, ‘அப்பாடா, ஒரு பெட் காலி’ என்பதுதான். அவர் மகளிடம் போய்ச் சொன்னபோது யாரோ பேசுவதுபோல் இருந்தது என் குரல். அன்று காலை வீட்டுக்குப் போகும் வழியில் ரோபோவில் நின்றவள் அப்படியே தூங்கிவிட்டேன். பின்னால் டாக்சிக்காரர் ஹாரன் அடித்துத்தான் விழித்தேன்.

பேஷண்ட் இரண்டு கேள்வி கூடக் கேட்டால் கோபம் வருகிறது. வீட்டில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். புதன்கிழமை சுகர் கிளினிக்கில் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. அங்கே வரும் ஆயாக்களின் பாதத்தைப் பார்த்து, செருப்பைக் கழற்றி உள்ளே கல் கில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, பேரப்பிள்ளைகள் கதையைக் கேட்டு அனுப்பிவைக்கும்போது நேரம் போவதே தெரியாது. ஆனால் ஆள் இல்லை என்று பாதிப் புதன்கிழமைகள் என்னை வார்டுக்கே இழுத்துவிடுகிறார்கள்.

வீட்டுக்காரர் பிரைவேட்டுக்குப் போகச் சொல்கிறார். தம்பி ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்கு வரச் சொல்கிறான். அம்மா, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றலாம் என்கிறார். அப்பா ஒன்றும் சொல்வதில்லை. அவருடைய அப்பா நார்த் கோஸ்ட்டில் கரும்பு வெட்டியவர். நான் டாக்டரானதுதான் அப்பாவுக்கு எல்லாமே. ‘டாக்டர் கூனம் மாதிரி வரணும்’ என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார். நான் தப்பான வேலைக்கு வந்துவிட்டேனா அக்கா? இல்லை, நான்தான் கெட்டுப்போய்விட்டேனா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். கடைசியில் கேட்ட கேள்விக்கு வருவதற்கு முன்னால், நடுவில் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன். ரோபோவில் தூங்கிய விஷயம். (வெளியூர் வாசகர்களுக்கு: தென்னாப்பிரிக்காவில் டிராஃபிக் சிக்னலை ரோபோ என்றுதான் சொல்வோம்.) மற்றதெல்லாம் மெதுவாகச் சரிசெய்யலாம். இது மட்டும் அடுத்த காலுக்கு முன்னால் முடிவாக வேண்டும்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவர் எந்த அளவு தடுமாறுகிறார் என்று 1997-லேயே ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவரின் தடுமாற்றம் அது. 24 மணி நேரம் ஆனால் 0.10-க்கு வந்துவிடுகிறது. நம் நாட்டில் சாதாரண ஓட்டுநருக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லையே 100 மில்லி ரத்தத்துக்கு 0.05 கிராம். கால் முடிந்து நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது அந்த எல்லையைப்போல் இரண்டு மடங்கில் இருக்கிறீர்கள். குடித்துவிட்டுக் காரை எடுக்கும் பேஷண்டை நீங்கள் எப்படித் திட்டுவீர்களோ, அதையேதான் நான் இப்போது உங்களுக்குச் செய்கிறேன். 2016-இல் கேப் டவுன் பக்கம் ஒரு பயிற்சி மருத்துவர் நீண்ட ஷிப்ட் முடிந்து காரில் திரும்பும்போது விபத்தில் இறந்துபோனார். உங்களுக்கும் அது நினைவிருக்கும்.

ஆகவே கால் முடிந்த காலையில் நீங்கள் காரை ஓட்டக் கூடாது. வீட்டுக்காரர் வந்து கூட்டிப்போகட்டும். அவருக்கு வேலை இருந்தால் மச்சினர், பக்கத்து வீட்டு அக்கா, ஊபர், யாராவது. யாருமே இல்லையென்றால் டாக்டர்கள் அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு, எழுந்து முகம் கழுவி, அரைமணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். பிள்ளைகளை ஸ்கூலில் விடுவது அன்று உங்கள் வேலை இல்லை.

சரி, இப்போது அந்த ‘ஒரு பெட் காலி’.

1974-இல் நியூயார்க்கில் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி எழுதினார். பகலெல்லாம் தன் தொழிலைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் ஓர் இலவசக் கிளினிக்கில் சம்பளமில்லாமல் வேலை செய்தவர். தன்னோடு ஓடியாடி உழைத்தவர்கள் ஓராண்டு வாக்கில் எரிந்து முடிந்த திரிபோல் ஆவதைப் பார்த்தார், தன்னிடமும் பார்த்தார். அதற்குத்தான் பர்ன்அவுட் என்ற பெயர் வந்தது. அக்கறையோடு முழுமனதாக இறங்குகிறவர்களே அதில் சிக்குகிறார்கள் என்பதையும் அவர் அப்போதே சொல்லிவிட்டார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற ஆய்வாளர் அதை மூன்றாகப் பிரித்து, 1981-இல் அளப்பதற்கு ஒரு கேள்வித்தாளும் தந்தார். உள்ளே ஒன்றுமே மிச்சமில்லாத களைப்பு ஒன்று. எதிரே இருப்பவர் மனுஷராகத் தெரியாமல் ஒரு நம்பராக, ஒரு பெட்டாகத் தெரிவது இரண்டாவது. எவ்வளவு செய்தும் ஒன்றும் செய்யவில்லை என்ற நினைப்பு மூன்றாவது. உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. விடியற்காலை மூன்று மணிக்கு வந்தது இரண்டாவது. மருத்துவர்களுக்கு இந்த மூன்றிலும் அதிகமாக வெட்கத்தைத் தருவது அதுதான், அதனால் யாரிடமும் சொல்லமாட்டார்கள். நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட்டைத் தன் பட்டியலில் வேலையோடு சம்பந்தப்பட்ட ஒரு நிலை என்று வகைப்படுத்தியது. நோய் என்று சொல்லவில்லை. எனக்கு இதில் ஒரு பெரிய ஆறுதல் உண்டு: கோளாறு உங்கள் குணத்தில் இல்லை என்று அதற்கு அர்த்தம். மனசு கெட்டுப்போனவர்களுக்கு அந்த நினைப்பு ஒரு மாதம் கழித்தும் உறுத்திக்கொண்டிருக்காது. உட்கார்ந்து எனக்குக் கடிதமும் எழுதமாட்டார்கள்.

ஆனால் ஒன்றை நான் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பர்ன்அவுட்டும் மனச்சோர்வு நோயும், அதாவது டிப்ரெஷனும், வெளியில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் சேர்ந்தும் வரும். நாலு நாள் லீவில் வீட்டில் இருந்தால் கொஞ்சமாவது தெளிகிறீர்களா? சின்னவள் ஏதாவது சொன்னால் சிரிப்பு வருகிறதா? சாப்பாடு ருசிக்கிறதா? இல்லை, லீவு நாளிலும் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக இருக்கிறதா? ‘நான் இல்லாமல் போனால் நன்றாக இருக்கும்’ என்ற எண்ணம் எப்போதாவது வருகிறதா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்பது பதிலானால் இந்த வாரத்துக்காகக்கூடக் காத்திருக்க வேண்டாம். சாடாக் என்ற மனநல உதவி அமைப்பின் இலவச எண் 0800 567 567. யாருக்கும் தெரியாமல் இன்றைக்கே கூப்பிடலாம். 2020-இல் கொரோனா சமயத்தில் மருத்துவப் பணியாளர்களுக்கென்றே தொடங்கிய ‘ஹெல்த்கேர் வொர்க்கர்ஸ் கேர் நெட்வொர்க்’கும் இருக்கிறது. எப்படி இருந்தாலும் உங்களுக்கென்று ஒரு டாக்டரைப் பிடியுங்கள். கூட வேலை செய்பவரிடம் வராந்தாவில் நின்றபடி மாத்திரை எழுதி வாங்குவது வேண்டாம். தூக்க மாத்திரையை நீங்களே எழுதிக்கொள்வது அறவே வேண்டாம். ரத்தசோகை, தைராய்டு, பி12 மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ‘மெடிக்கல் கவுன்சிலுக்குத் தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும்’ என்று என்னிடம் வரும் டாக்டர்களில் பாதிப்பேர் பயப்படுகிறார்கள். மனநல சிகிச்சை எடுத்துக்கொள்வது குற்றமல்ல. உடல்நிலையால் வேலையே தடுமாறும்போதுதான் கவுன்சிலின் ஹெல்த் கமிட்டிக்கு வேலை. அதுவும் தண்டிப்பதற்காக ஏற்பட்டதல்ல.

என் கதை ஒன்றைச் சொல்லட்டுமா? நான் பாளையங்கோட்டையிலிருந்து இந்த ஊருக்கு வந்தது 1998-இல். அப்போது மனநலம் படித்திருக்கவில்லை, உங்களைப்போல மெடிக்கல் வார்டுதான். எய்ட்ஸ் உச்சத்தில் இருந்த காலம். அரசு மருத்துவமனைகளில் எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்வி மாத்திரை பரவலாகக் கிடைக்க ஆரம்பித்தது 2004-இல்தான். அதற்கு முன்னால் நாங்கள் செய்ததெல்லாம் காய்ச்சலுக்கும் டிபிக்கும் மருந்து கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான். இருபது வயதுப் பெண்கள், முப்பது வயது ஆண்கள். அப்போது பிஐ 1663 என்று ஒரு படிவம் இருந்தது, இறப்பைப் பதிவு செய்வதற்கு. சில நாட்களில் ஒரே கையாக நாலைந்து எழுதுவேன். ஒரு நாள் காலை அப்படி எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர், அறுபதை நெருங்கிய ஒரு ஜூலு அம்மா, வாங்கிப் படித்தார். ஒன்றும் பேசாமல் நான்காய் மடித்துக் கிழித்தார். மூன்றாவது பெட்டைக் காட்டினார். நான் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்த பெண் அங்கே உட்கார்ந்து ரொட்டியை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கை நடுங்கியது. என் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். “நாங்களெல்லாம் இதைத் தாண்டித்தான் வந்தோம்” என்றார். அவ்வளவுதான். சிஸ்டர் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டு டீ கொடுத்தார். “கடைசியாக எப்போது தூங்கினாய்?” என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “இந்த வார்டில் யாருடைய பெயராவது, பெட் நம்பர் இல்லாமல், உனக்கு நினைவிருக்கிறதா?” என்றார். யோசித்து யோசித்து ஒரே ஒரு பெயர் சொன்னேன். “நல்லது, இன்றைக்கு அந்த ஒருத்தி போதும்” என்றார். அன்றிலிருந்து தினமும் டியூட்டி முடிந்து போகும்போது அவரிடம் ஒரு பெயரும், அந்த ஆளைப் பற்றிச் சீட்டில் இல்லாத ஒரு விஷயமும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கோழி வளர்ப்பவர், சர்ச்சில் பாடுகிறவர், மகனோடு பேச்சு விட்டுப் போனவர். அந்த அம்மா எந்தக் கல்லூரியிலும் மனநலம் படித்தவரில்லை. நான் பிறகு படித்ததில் அதைவிடச் சிறந்த வைத்தியத்தை அதிகம் பார்க்கவில்லை.

இதையே நீங்களும் செய்யலாம். ஆனால் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொன்னால் அது பொய். ஆள் பற்றாக்குறை உங்கள் மனப்பான்மையால் வந்ததல்ல. நிரப்பாமல் விட்ட வேலையிடங்களை மூச்சுப்பயிற்சி நிரப்பாது. ஐசியூவில் இடமில்லை என்று பிழைக்கக்கூடிய ஒருவரை வார்டிலேயே வைத்துப் பார்த்து இழக்கும்போது வருவது களைப்பு மட்டுமல்ல, ‘செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்தும் செய்யவிடவில்லையே’ என்ற காயம். அதைக் களைப்போடு சேர்த்துக் கட்டி, ‘நீ இன்னும் தைரியமாக இருக்க வேண்டும்’ என்று மருத்துவர்களுக்கு வகுப்பு எடுப்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அதனால்தான் உங்கள் புதன்கிழமைக்கு வருகிறேன். கடிதம் முழுக்க வாக்கியங்கள் வெடுக் வெடுக்கென்று இருக்கின்றன. ஓரிடத்தில் மட்டும் நீங்கள் நின்று, செருப்பைக் கழற்றி, கல் இருக்கிறதா என்று தடவுகிறீர்கள். எனக்கு அந்த ஆயாவின் கால் தெரிகிறது. பாதத்தில் உணர்ச்சி செத்துப்போனவருக்குச் செருப்புக்குள் கிடக்கும் கல் தெரியாது, நாள் முழுக்க அதன்மேல் நடந்துவிட்டு வருவார் என்று தெரிந்தவர் மட்டுமே அப்படித் தடவிப் பார்ப்பார். தப்பான வேலைக்கு வந்துவிட்டேனா என்று கேட்டீர்களே, பதிலை நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள்.

மேயோ கிளினிக்கில் 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. மருத்துவப் பேராசிரியர்களிடம், உங்கள் வேலையில் உங்களுக்கு மிகவும் அர்த்தமுள்ளதாகத் தோன்றுவது எது, அதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று கேட்டார்கள். அந்த வேலைக்கு 20 சதவீத நேரமாவது, அதாவது வாரத்தில் ஏறக்குறைய ஒரு நாளாவது, கிடைத்தவர்களில் பர்ன்அவுட் 30 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அது கிடைக்காதவர்களில் 54 சதவீதத்தை ஒட்டி. அமெரிக்கப் பேராசிரியர்களின் வாழ்க்கை வேறு, டர்பன் வார்டு வேறு, எனக்குத் தெரியும். ஆனாலும் என் அறைக்கு வந்த டாக்டர்களிடம் நான் பார்த்ததும் இதுதான். ஐந்து நாளும் இனிக்க வேண்டியதில்லை. ஒரு நாள் தனக்கென்று இருந்தால் மற்ற நாலு நாளைத் தாங்கிக்கொள்கிறார்கள். உங்களுக்கு அந்த ஒரு நாள் ஏற்கனவே இருக்கிறது. அதில் பாதியை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், நீங்களும் வாய் திறக்காமல் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

துறைத் தலைவரிடம் போய், ‘எனக்கு முடியவில்லை, வேலையைக் குறையுங்கள்’ என்று கேட்காதீர்கள். இல்லை என்ற பதில் அவர் வாயில் தயாராக இருக்கும். கடந்த ஆறு மாதப் புதன்கிழமைகளை எண்ணுங்கள். எத்தனை நாள் உங்களை இழுத்தார்கள், அன்று எத்தனை பேர் பாதம் பார்க்கப்படாமல் திரும்பினார்கள், அவர்களில் யாராவது பிறகு புண்ணோடு வார்டில் சேர்ந்தார்களா என்று ரெஜிஸ்டரைப் புரட்டுங்கள். நம் சமூகத்தில் சுகர் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அது அவருக்கும் தெரியும். பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற அந்த நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும்போது ‘தெரியலையே’ என்று சொல்லும் ஒரு ஆயாவை அன்றைக்கே கண்டுபிடித்தால், ஒரு விரல் மிஞ்சும், சிலருக்குக் காலே மிஞ்சும், வாரக்கணக்கில் ஒருவர் படுத்துக்கிடக்கும் இடமும் மிஞ்சும். அதுவும் ‘ஒரு பெட் காலி’தானே. இதை ஒரே பக்கத்தில் எழுதி, ‘புதன்கிழமை நான் கிளினிக்கில்தான். அதற்கு ஈடாக இன்ன வேலையை எடுத்துக்கொள்கிறேன், இன்ன வேலையை விடுகிறேன்’ என்று கொடுங்கள். விடுவதற்கு ஒன்று நிச்சயம் இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கும் டிங் டிங் என்கிற அந்த வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் லீவு நாளில் பதில் சொல்வதிலிருந்து தொடங்கலாம்.

ஒரேயடியாகச் சம்மதிக்கமாட்டார். மூன்று மாதம் சோதனையாக என்று கேளுங்கள்.

அப்புறம், பேசுவதற்கு ஆள் வேண்டும். வீட்டுக்காரர் நல்லவராகத்தான் தெரிகிறார், ஆனால் அவர் உடனே வழி சொல்லிவிடுகிறார். 1950-களில் லண்டனில் மைக்கேல் பாலிண்ட் என்ற மருத்துவர் குடும்ப டாக்டர்களை வட்டமாக உட்காரவைத்து, தங்களைத் தொந்தரவு செய்யும் ஒரு பேஷண்டைப் பற்றிப் பேசவைத்தார். நோயைப் பற்றி அல்ல, அந்த ஆள் தன்னை என்ன செய்கிறார் என்பதைப் பற்றி. உங்களுக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. நம்பிக்கையான இரண்டு மூன்று சகாக்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம், யாரும் யாருக்கும் தீர்வு சொல்லக் கூடாது என்ற ஒரே விதி. அந்த விடியற்காலை மூன்று மணியை அங்கே சொல்லிப் பாருங்கள். இன்னொருவர், ‘எனக்கும் அப்படி வந்தது’ என்பார். அதைக் கேட்கும்போது உடம்பில் என்ன இறங்குகிறது என்று கவனியுங்கள்.

பிரைவேட், பெர்த் இரண்டைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். போவது துரோகமில்லை, இருப்பது தியாகமும் இல்லை. ஆனால் தூக்கமில்லாத மூளையோடு குடும்பத்தையே தூக்கிக் கடல் தாண்டி வைக்கும் முடிவை எடுக்காதீர்கள். முதலில் தொடர்ச்சியாக இரண்டு வாரம் லீவு எடுங்கள், கல்யாணத்துக்கோ பிள்ளைகளின் பரீட்சைக்கோ இல்லாத லீவு. புதன்கிழமையை மீட்டு மூன்று மாதம் பாருங்கள். அதற்கு அப்புறமும் போக வேண்டும் என்று தோன்றினால் நிம்மதியாகப் போங்கள். அம்மா கூழ் ஊற்றட்டும், நல்லதுதான். அன்றைக்கு நீங்கள் அண்டா கிண்டக் கூடாது. மற்றவர்களோடு வரிசையில் நின்று வாங்கி, உட்கார்ந்து குடிக்க வேண்டும்.

அப்பாதான் எனக்கு மனதில் நிற்கிறார். கரும்பு வெட்டிய தாத்தாவின் முதுகு உங்கள் ஒவ்வொரு கால் டியூட்டியிலும் கூட நிற்கிறது, இல்லையா? ‘அவர் அவ்வளவு பட்டாரே, நான் இதற்கே சோர்ந்துபோகலாமா’ என்று. 1860-லிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எத்தனையோ பேரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். தாத்தா உடம்பைத் தேய்த்தது, பேத்தி அப்படித் தேய வேண்டாம் என்றுதான். அப்புறம் டாக்டர் கூனம். டர்பனில் பிறந்த தமிழ்ப் பெண், 1928-இல் எடின்பரோவுக்குக் கப்பலேறி, டாக்டராகத் திரும்பி வந்து கிளினிக் வைத்தவர். ஆனால் கிளினிக்கோடு நின்றுவிட்டாரா? 1946 சத்தியாக்கிரகத்தில் இறங்கிச் சிறைக்குப் போனார், மேடையேறிப் பேசினார், தனக்குச் சரியென்று பட்டபடி வாழ்ந்தார். வைத்தியம் அவர் வாழ்க்கையில் ஒரு பகுதி. அப்பா அவரை உதாரணம் காட்டினால் முழுசாகவே காட்டட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் தனியாக உட்கார்ந்து, ரோபோவில் தூங்கியதைச் சொல்லுங்கள். அவர் பேசாமல் இருப்பதை ஏமாற்றம் என்று நீங்கள் படிக்கிறீர்கள். எனக்கென்னவோ, மகளிடம் என்ன கேட்பது என்று தெரியாத பயமாகத்தான் படுகிறது.

பட்டம் வாங்கும்போது நாம் எடுக்கும் ஜெனீவா உறுதிமொழியில் 2017-இல் ஒரு வரி சேர்த்தார்கள்: நல்ல சிகிச்சை தருவதற்காக என் சொந்த உடல்நலத்தையும் நலவாழ்வையும் கவனித்துக்கொள்வேன் என்று. நீங்களும் நானும் அதற்கு முன்னாலேயே உறுதிமொழி எடுத்துவிட்டவர்கள், அந்த வரியை நம் வாயால் சொன்னதில்லை. இப்போது சொல்லிக்கொள்ளலாம்.

இதற்கு நீளமாகப் பதில் எழுத வேண்டாம். அடுத்த கால் என்றைக்கு, அது முடிந்து உங்களை வீட்டுக்குக் கூட்டிப்போகப் போவது யார், இந்த இரண்டை மட்டும் இந்த வாரத்துக்குள் எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா